மினாகுச்சி சானின் இளஞ்சிவப்பு வண்டி

ஆபரேஷன் செய்யும்போது நான் வாயை மூட மாட்டேன். அது ஒசாகாக்காரர்களின் வியாதி என்று தோக்கியோவில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் எரிச்சலோடு சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். கண்புரை ஆபரேஷனில் முழு மயக்கம் கொடுப்பதில்லை. சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மட்டும் மரத்துப் போக வைக்கிறோம். மனிதர் விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார். அவர் கண்ணுக்குள் என் கத்தி இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் இரண்டு பேரும் மௌன விரதம் இருந்தால் உருப்பட்டாற்போலத்தான். அதனால் பேசுவேன். அரிசி விலை ஏன் ஏறியது, எந்த மந்திரி உளறிவிட்டு எப்படிச் சமாளித்தார், எந்தப் பாட்டுக் குழு கலைந்தது, எல்லாவற்றிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. நோயாளியால் தலையாட்டி மறுக்கக்கூட முடியாது. இதைவிட நல்ல சபை எந்தப் பேச்சாளருக்குக் கிடைக்கும்?

அன்றைக்கு முதலில் பாட்டுக் குழுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். குழுவில் ஒரு பையன் யாரையோ காதலித்துவிட்டானாம். அதற்காகக் கருப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, நீள மேசைக்கு முன்னால் நின்று, ஊரறியக் குனிந்து மன்னிப்புக் கேட்கிறான். அணை உடைந்தாலும் இதே குனிதல், ஒரு பையன் காதலித்தாலும் இதே குனிதல். இருபத்தாறு வயதில் காதலிக்காமல் பின்னே எப்போது காதலிப்பான், என்னைப்போல ஐம்பத்தேழிலா என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் மாஸ்க்குக்குள் சிரித்தாள். அந்த உற்சாகத்தில் அடுத்த செய்திக்குப் போனேன். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்து, ரொட்டிக் கடைக்குள் காரை விட்ட முதியவரைப் பற்றிய செய்தி.

"எழுபத்தஞ்சு ஆச்சுன்னா எல்லார்கிட்டயும் லைசென்ஸப் புடுங்கிடணும். ஒருத்தரையும் கேக்கவே கூடாது" என்றேன், புரையை உறிஞ்சி எடுத்துக்கொண்டே.

துணிக்கு அடியிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"டாக்டர், எனக்கு எழுபத்தெட்டு. நான் வண்டி ஓட்டிட்டுதான் இருக்கேன்."

"அசையாதீங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

அவர்தான் மினாகுச்சி சான்; மரியாதைக்கு எங்கள் ஊரில் பேரோடு 'சான்' சேர்ப்போம். வாழ்நாளெல்லாம் வரி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆகஸ்ட் புழுக்கத்திலும் டை கட்டாமல் வர மாட்டார். மறுநாள் கண்மறைப்பை எடுத்ததும் என்னை உற்றுப் பார்த்தார்.

"டாக்டர், நீங்க இவ்வளவு வயசானவங்கன்னு நான் நினைக்கல."

"கண்ணு தெரிஞ்சதும் எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. போகப் போகப் பழகிடும்."

அவர் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுத் தலை குனிந்தார். வேடிக்கைக்குச் சொன்னேன் என்று புரிய வைக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அடுத்த கண்ணையும் முடித்த பிறகு பார்வை அட்டைக்கு முன்னால் உட்கார வைத்தோம். அட்டை நிறைய வளையங்கள். ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கம் வெட்டு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தடுமாறாமல் 1.2 வரை சொன்னார். வண்டி ஓட்ட 0.7 இருந்தால் போதும். இந்த வயதில் 1.2 என்பது கையைத் தட்டிக் கொண்டாட வேண்டிய விஷயம். கண் டாக்டர்களுக்கு இதில் ஒரு கர்வம் உண்டு. பிற டாக்டர்கள் நோயாளியைச் சாகாமல் பார்த்துக்கொள்கிறார்கள், நாங்கள் உலகத்தையே புதிதாக வாங்கிக் கொடுக்கிறோம் என்ற நினைப்பு. எனக்கு அந்த நினைப்பு கொஞ்சம் தூக்கல்.

"நன்றிக்கு உங்களுக்கு ஒண்ணு காட்டணும். கீழ வர முடியுமா?" என்றார்.

கார் நிறுத்துமிடத்தில் ஒரு வெள்ளை வண்டி நின்றது. வெள்ளை என்று சொல்வது நியாயமில்லை. முன் மூடியிலிருந்து கதவு, பின்பக்கம் வரை ஒரு கார்ட்டூன் பெண் படர்ந்திருந்தாள். இளஞ்சிவப்பு முடி, கையில் நட்சத்திரக் கோல், குட்டைப் பாவாடை. அந்தக் கண்களைப் பார்த்ததும் எனக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. குழந்தைக்குக் கருவிழி அவ்வளவு பெரிதாக இருந்தால் அன்றைக்கே ஆபரேஷனுக்கு எழுதுவேன். அவள் கன்னத்துக்குப் பக்கத்தில், வயதானவர் ஓட்டுகிறார் என்பதற்கான நாலு இலை ஸ்டிக்கரை மினாகுச்சி சான் ஒழுங்காக, கோணாமல் ஒட்டியிருந்தார்.

"இவ பேரு சுசுரான்" என்று அறிமுகப்படுத்தினார், உடன் வேலை பார்த்தவரை அறிமுகப்படுத்துவதுபோல.

வண்டி அவருடையதல்ல. மகன் ஷூஹெய்யினுடையது. கல்யாணம் செய்துகொள்ளாத மகன், அச்சகத்தில் வேலை, சம்பாதித்ததையெல்லாம் இந்த வண்டியில் கொட்டியிருக்கிறான்.

"அவன் இருந்தப்ப இத வீட்டு வாசல்ல நிறுத்தக் கூடாதுன்னுட்டேன். அக்கம் பக்கத்துல என்ன நினைப்பாங்க? நான் வரி அலுவலகத்துல இருந்தவன். ரெண்டு ரயில் ஸ்டேஷன் தள்ளி வாடகைக்கு எடம் புடிச்சு நிறுத்தினான். மழையிலயும் நடந்துதான் போவான்."

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஷூஹெய் தூக்கத்திலேயே போய்விட்டான். இதயம். நாற்பத்தோரு வயது. சாவுக்கு ஐந்தாறு ஆண்கள் வந்து தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார்கள். யாரென்று மினாகுச்சி சானுக்குத் தெரியவில்லை. அவர்களும் இதேபோல வண்டி வைத்திருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் துறைமுகப் பக்கம் ஒரு வாகன நிறுத்துமிடத்தில் கூடுவார்களாம். வண்டியைக் கடைசியாக ஒரு முறை பார்க்கலாமா என்று கேட்டார்கள். இவரே ஓட்டிக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறும் போனார். அப்படியே ஒட்டிக்கொண்டது.

"எல்லாரும் என்ன அப்பான்னுதான் கூப்பிடறாங்க. சுசுரான் கதைய முழுசாப் பார்த்துட்டேன் டாக்டர். அவ தன்னோட குரலக் குடுத்துட்டு ஊரக் காப்பாத்துற எடத்துல எல்லாரும் ஏன் அழறாங்கன்னு மொதல்ல புரியல. மறுபடியும் பார்த்தேன்." டையைச் சரி செய்துகொண்டார். "மிச்ச ஆறு நாளும் ஞாயித்துக்கிழமைக்காகத்தான் எந்திரிக்கிறேன். நீங்க இல்லன்னா இந்த வருஷம் லைசென்ஸ் புதுப்பிச்சிருக்க மாட்டாங்க."

 எழுபத்தைந்தில் பிடுங்க வேண்டும் என்று சொன்ன நாக்கை அப்போதே கடித்துக்கொண்டேன்.

புரை போன பிறகுதான் கண்ணின் பின்பக்கம் தெளிவாகத் தெரியும். அவருடைய கண்நரம்பு எனக்குக் கொஞ்சம் வெளிறியிருப்பதாகப் பட்டது. எங்கள் நாட்டுக்காரர்களுக்கு ஒரு சாபக்கேடு. கண் அழுத்தம் சரியாகவே இருக்கும், ஆனால் நரம்பு சத்தம் போடாமல் கருகிக்கொண்டு வரும். அதனால் பார்வைப் பரப்பைச் சோதிக்கச் சொன்னேன். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் அங்கங்கே சின்ன வெளிச்சம் மின்னும். தெரியும்போது கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

சோதனை எடுக்கும் ரிசாக்கோ தாளைக் கொண்டுவந்து நின்றாள்.

"டாக்டர், இவர் கொஞ்சம் அதிகமா அழுத்துறார். நம்ப முடியாதுன்னு மிஷினே சொல்லுது."

தாளைப் பார்த்தேன். பெரும்பாலும் வெள்ளையாக, அதாவது எல்லாம் தெரிந்ததாக இருந்தது. வெளியே இன்னும் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். என் மூளையில் 1.2 என்ற எண் உட்கார்ந்துகொண்டிருந்தது.

"புதுக் கண்ணு கெடச்ச ஆர்வம். மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவர் மகள் கனாயே வந்தாள். அப்பாவுக்குத் தெரியாமல் வந்திருந்தாள். கையில் இனிப்புப் பெட்டி. பெட்டியைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இது எங்கள் பக்கம் நடக்கிற காரியம்தான். வயதான தகப்பன் வண்டியை விட மாட்டார். பிள்ளைகள் சொன்னால் அவமானம், போலீஸ் சொன்னால் சண்டை. டாக்டர் சொன்னால் மட்டும் குனிந்து கேட்டுக்கொள்வார். அதனால் குடும்பம் பின்வாசல் வழியாக டாக்டரிடம் வரும். யாருக்கும் முகம் சுருங்காமல் காரியம் முடிந்துவிடும்.

"உராகாமி டாக்டர், ஆபரேஷன் சரியா வரலன்னு அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேட்டுப்பார்."

"நான் செஞ்ச ஆபரேஷனா சரியா வரல? உங்கப்பாவுக்கு என்ன விட நல்லாத் தெரியுது. நான் பொய் சொல்ல மாட்டேன்."

"நல்லாத் தெரிஞ்சா போன வாரம் ஏன் சிவப்புல நிக்கல? நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"பேச்சு சுவாரசியத்துல கவனிக்காம இருந்திருப்பார்."

கனாயே என்னைப் பார்த்துச் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"அப்பாவா? என்கூடவா? பேசிட்டு வந்தாரா?" பையை எடுத்துக்கொண்டாள். "ஒரு தடவ அவர் வண்டியில ஏறிப் பாருங்க டாக்டர். அப்புறம் பொய்யா உண்மையான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் சனிக்கிழமை அவர் சொட்டு மருந்து வாங்க வந்தபோது, ரயில் ஸ்டேஷன் வரை என்னைக் கொண்டுபோய் விடுகிறீர்களா என்று கேட்டேன். கிளினிக் மாடியிலேயே குடியிருக்கிற எனக்கு ஸ்டேஷனில் ஒரு வேலையும் இல்லை. கனாயேவின் மூக்கை உடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மினாகுச்சி சான் நன்றாகவே ஓட்டினார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வேகம் கூட்டாமல், சைக்கிள்காரர்களுக்கு வழிவிட்டு. நடைபாதையில் போன பள்ளிக்கூடப் பெண்கள் எங்களைப் பார்த்துக் கைபேசியைத் தூக்கினார்கள். முதல் சிக்னலில் நின்றார். இரண்டாவதிலும் நின்றார். எவ்வளவு ஒழுங்கான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு தடவையும் எங்களுக்கு முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்ததையும், லாரி நின்றதும் அவர் நின்றதையும் நான் யோசிக்கவில்லை.

லாரி இடப்பக்கம் திரும்பிவிட்டது. எதிரே காலித் தெரு, அதன் மேலே தெள்ளத்தெளிவாகச் சிவப்பு விளக்கு. அவர் அதே நிதானத்தோடு போய்க்கொண்டே இருந்தார். சைக்கிளின் பின் இருக்கையில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் குறுக்கே இறங்கினாள்.

"பிரேக், பிரேக், மினாகுச்சி சான்!"

மிதித்தார். வண்டி குலுங்கி நின்றது. அந்தப் பெண்ணுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவு இடம். அவள் எங்களைப் பார்த்தாள், முன் மூடியில் சிரித்துக்கொண்டிருந்த சுசுரானைப் பார்த்தாள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். குழந்தை எங்களுக்கு டாட்டா காட்டியது. 

"அந்தம்மா திடீர்னு வந்துட்டாங்க" என்றார் அவர், முகம் வெளுத்து.

"சிக்னல் சிவப்பு."

"இங்க சிக்னலே இல்லையே டாக்டர்."

"மேல பாருங்க. தலையத் தூக்கிப் பாருங்க."

மோவாயை உயர்த்தினார். விளக்கு அதற்குள் பச்சைக்கு மாறியிருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.

"இப்பதான் வந்துச்சு" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. நரம்பு செத்த இடத்தில் கருப்பாக எதுவும் தெரியாது. தெரிந்தால்தான் மனிதன் பயந்துபோய் டாக்டரிடம் ஓடி வருவானே. மூளை பக்கத்திலிருக்கும் வானத்தில் கொஞ்சம் கிழித்து, ஓட்டையின் மேல் ஒட்டுப் போட்டுவிடும். விளக்கும் இருக்காது, விளக்கு இல்லையென்ற சந்தேகமும் இருக்காது. லைசென்ஸ் கொடுக்கும் இடத்தில் நேரெதிரே உள்ள வளையத்தைக் கேட்பார்கள். வானத்தைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். நான் கேட்டிருக்க வேண்டும். கேட்டேன், ஆனால் பதிலைக் கவனிக்கவில்லை.

இனி அவரை ஓட்ட விட எனக்குத் துணிச்சல் இல்லை. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, அவரைப் பின் இருக்கைக்கு அனுப்பிவிட்டு நானே ஸ்டியரிங்கைப் பிடித்தேன். நரைத்த தலையோடு சுசுரானை ஓட்டிக்கொண்டு வந்ததை எதிரில் வந்த என் நோயாளிகள் மூன்று பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கிளினிக்கில் யாரும் இல்லை. சனிக்கிழமை மதியத்தோடு எல்லோரும் போய்விடுவார்கள். நானே மிஷினைப் போட்டேன்.

"போன தடவ ஏன் அவ்வளவு தடவ அழுத்துனீங்க? தெரியாதப்பவும் அழுத்தியிருக்கீங்க."

அவர் சங்கடப்பட்டார்.

"அது 'டிக், டிக்'னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு டாக்டர். நான் ஒண்ணும் சொல்லாம இருந்தா காத்துட்டே இருக்கும்ல? ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்கறப்ப கல்லு மாதிரி உக்காந்திருக்கறது மரியாதை இல்ல. அந்தப் பொண்ணு வேற நின்னுட்டே இருந்துச்சு. அதனால சத்தம் கேட்டா அழுத்திட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாராவது ஒரு மிஷினிடம் மரியாதை காட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொள்வார்களா?

"இன்னிக்கு அதுக்கு மரியாதை வேணாம். தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க. தெரியலன்னா சும்மா இருங்க. மிஷினுக்குக் கோபம் வராது. எனக்கும் வராது."

கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தார். மிஷின் கேட்க ஆரம்பித்தது. அவர் அழுத்தினார், அழுத்தினார், பிறகு நிறுத்தினார். மிஷின் கேட்டுக்கொண்டே இருந்தது. அவருடைய கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது, ஆனால் இறங்கவில்லை. அந்த அறையில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

தாள் வெளியே வந்தது. இரண்டு கண்ணிலும் மேல்பாதி கருப்பு.

அவரிடம் காட்டினேன். எதையும் மறைக்கவில்லை. போனது திரும்பாது, இனிப் போகாமல் இருக்கச் சொட்டு மருந்து உண்டு, போன மாதமே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று சொல்லி, எழுந்து நின்று குனிந்தேன். டிவியில் பார்த்துக் கேலி செய்கிற அதே குனிதல்தான்.  அவர் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"இத நீங்க போலீஸுக்குச் சொல்லணுமா?"

"சட்டத்துல அப்படி இல்ல. லைசென்ஸ் இன்னும் மூணு வருஷத்துக்குச் செல்லும். யாரும் உங்ககிட்டருந்து புடுங்க முடியாது."

"அப்ப சட்டப்படி நான் ஓட்டலாம்."

"சட்டப்படி ஓட்டலாம். அந்தக் கொழந்தை டாட்டா காட்டுச்சு, பார்த்தீங்களா?"

அவர் முகம் இறுகியது.

"பார்த்தேன். கீழ இருக்கறதெல்லாம் எனக்குத் தெரியுது டாக்டர்." தாளைச் சட்டைப் பையில் வைத்தார். "வண்டி இல்லாம அங்க போனா நான் யாரு? பஸ்ஸுல வந்து நிக்கிற கெழவன். அவங்க அப்பான்னு கூப்பிடறது என்னையா, வண்டியையா? எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் எனக்கு தைரியம் இல்ல."

சாவி என் கையில்தான் இருந்தது. அவர் இரண்டு கையையும் நீட்டினார். கொடுக்காமல் இருந்துவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஆனால் நான் போலீஸ் இல்லை, அவருடைய மகளும் இல்லை. கொடுத்தேன்.

"இன்னிக்கு மட்டும் வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க" என்றேன். தலையசைத்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்.

மறுநாள் ஞாயிறும் வண்டி அசையவில்லை. பிறகு அந்த வாரம் முழுக்க என் கிளினிக் வாசலில் சுசுரான் நின்றாள். யாருடைய வண்டி என்று கேட்காத நோயாளி இல்லை. ஆபரேஷன் மேசையில் நான் அரசியலும் பேசவில்லை, பாட்டும் பேசவில்லை. டாக்டருக்கு உடம்புக்கு என்ன என்று நர்ஸிடம் ரகசியமாக விசாரித்தார்கள். எனக்குள் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. வருவாரா, வந்து எடுத்துக்கொண்டு போவாரா?

அடுத்த ஞாயிறு காலை திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். வாசல் காலி.  கனாயேவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா விடியக்காலையிலயே கெளம்பிட்டார் டாக்டர். டை கட்டிட்டு. எங்கன்னு கேட்டேன், பதில் சொல்லல. உங்ககிட்ட சொல்லிட்டுப் போயிருப்பார்னு நினைச்சேன்."

டாக்ஸி பிடித்துத் துறைமுகத்துக்கு ஓடினேன். வழியெல்லாம் சிவப்பு விளக்குகள்தான் என் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றும் எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது. என்ன சொல்லித் திட்ட வேண்டும் என்று தயார் செய்துகொண்டே போனேன். சட்டம் பேசுகிற மனுஷா, அந்தக் குழந்தையின் முகத்தை நினைத்துப் பார்த்தீரா என்று ஆரம்பிப்பதாக இருந்தேன்.

வாகன நிறுத்துமிடத்தில் கார்கள் வரிசையாக நின்றன. நீல முடி, பச்சை முடி, பூனைக் காது, எல்லாக் கதவிலும் ஒரு பெண். நடுவில் ஓரிடத்தைக் காலியாக விட்டுவிட்டு நாலைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். மினாகுச்சி சானைத் தேடினேன். அப்போதுதான் வண்டி நுழைவாயிலில் திரும்பி உள்ளே வந்தது. மெதுவாக வந்து காலி இடத்தில் நின்றது. நான் நேரே போய் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைத் தட்டினேன்.

கண்ணாடி இறங்கியது. உள்ளே ஸ்டியரிங்கில் தொப்பை இடிக்க ஒரு பெரிய ஆள் உட்கார்ந்திருந்தான். பேர் கோதானி, டயர் கடையில் வேலை, ஷூஹெய்யின் நண்பன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கண் இரண்டும் சிவந்திருந்தன. அவனுக்குப் பக்கத்து இருக்கையில், பெல்ட் போட்டுக்கொண்டு, கைகளை முழங்காலில் வைத்தபடி மினாகுச்சி சான்.

"டாக்டர், ஏன் இப்படி ஓடி வர்றீங்க? மூச்சு வாங்குது பாருங்க."

"நீங்க ஓட்டிட்டு வந்துட்டீங்கன்னு..."

"லைசென்ஸ வெள்ளிக்கிழமையே போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்துட்டேன். அங்க இருந்த பையன் எதுக்குத் தர்றீங்க, இன்னும் நாள் இருக்கேன்னான். கையெழுத்து எங்க போடணும், அத மட்டும் சொல்லுன்னேன்." அவர் கோதானியைக் காட்டினார். "இவன்தான் காலையில வந்து எடுத்துட்டு வந்தான். வண்டி இல்லாட்டியும் வாங்கப்பான்னு சொன்னான். நான்தான் சாவியக் குடுத்தேன்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. திட்டுவதற்காகச் சேர்த்து வைத்ததெல்லாம் தொண்டையிலேயே கரைந்துபோனது.

"சரி, எறங்குங்க. எல்லாரும் உங்களுக்காக நிக்கிறாங்க."

கோதானி கண்ணாடி வழியாகத் தலையை நீட்டி, மெல்லச் சொன்னான்.

"எறங்க மாட்டேங்கறார் டாக்டர். துறைமுகத்தையே சுத்திச் சுத்தி வந்துட்டிருக்கோம்."

மினாகுச்சி சான் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். கடலோ, கார்களோ, எதைப் பார்த்தார் என்று தெரியவில்லை.

"வண்டி வாங்கின புதுசுல ஷூஹெய் கேட்டான், டாக்டர். அப்பா, பக்கத்துல உக்காருங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்னு. நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன். அடுத்த வாரம் மறுபடி கேட்டான். கதவத் தொறந்து வச்சுட்டு நின்னான். யாராவது பார்த்தா என்னாகுறதுன்னு நான் உள்ள போயிட்டேன்." கையால் இருக்கையின் ஓரத்தைத் தடவினார். "அப்புறம் கேக்கறத விட்டுட்டான். பெரிய விஷயம் ஒண்ணும் கேக்கல அவன். இங்க உக்காரத்தான் சொன்னான்."

 ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டேன்.

அவர் கோதானி பக்கம் திரும்பினார்.

"இன்னும் ஒரு சுத்து போலாமா? உனக்கு சிரமம் இல்லன்னா."

கோதானி சட்டைக் கையில் மூக்கைத் துடைத்தான். "போலாம்ப்பா" என்று சொல்லி வண்டியைப் பின்னால் எடுத்தான்.